வாசலில் டிவி, வீட்டுக்குள் ஸ்பீக்கர்: கம்பி இழுக்காமல் இணைக்க முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் ஃபால்ஸ் சீலிங் போடும்போதே கூரையில் ஸ்பீக்கர்களைப் பதித்துவிடுகிறார்கள். வாசல் டிவி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. போர்டிகோவிலோ, தோட்டத்துச் சாளையின் (தோட்ட வீட்டின்) தாழ்வாரத்திலோ, மொட்டைமாடி ஷெட்டிலோ ஒரு டிவியை மாட்டுகிறார்கள். ஐபிஎல் நடக்கும் கோடை மாதங்களில் சாயங்காலம் ஆனால் சொந்தபந்தம் முழுக்க அங்கேதான். அப்போதுதான் ஆசை வருகிறது: இந்த மேட்ச் சத்தம் உள்ளே சமையலறையிலும் கேட்டால் நன்றாக இருக்குமே, போர்டிகோ சீலிங்கில் பதித்த ஸ்பீக்கரிலும் வந்தால் பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்குமே என்று. வீடு கட்டி முடித்த பிறகு கான்கிரீட் தளத்தை உடைத்து வயர் இழுக்க யாருக்கும் மனம் வராது. அதனால் வயர்லெஸ்.

இது செய்யக்கூடிய வேலைதான், கடினமும் இல்லை. ஆனால் எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அது தெரியாமல் கடைக்குப் போனால் விற்பவர் எது கையில் இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்.

கேட்பவருக்குத் திரை தெரிகிறதா?

வயர்லெஸ்ஸில் போகும் ஒலி கொஞ்சம் பிந்தித்தான் வரும். எவ்வளவு பிந்தலாம் என்பது கேட்பவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. சமையலறையில் இருப்பவருக்குத் திரை தெரியாது. ஒலி இரண்டு செகண்ட் கழித்து வந்தாலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. போர்டிகோவில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவருக்கு, பேட்டில் பந்து பட்டு முடிந்த பிறகு 'டக்' என்று கேட்டால் மேட்ச் பார்க்கவே பிடிக்காது.

இதற்கு அளவு உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிட 45 மில்லி செகண்ட் முந்தினாலோ 125 மில்லி செகண்ட் பிந்தினாலோ பார்ப்பவர் கவனிக்கத் தொடங்குகிறார். 90 முந்தினாலும் 185 பிந்தினாலும் ஏற்கவே முடியாது. நாம் செய்யும் வேலையில் ஒலி முந்தாது, பிந்தத்தான் செய்யும். அதனால் திரை தெரியும் இடத்துக்கு 125 என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கடுமையானது. டிவியின் சொந்த ஸ்பீக்கரும் சீலிங் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஒலித்தால், பேச்சில் 40 மில்லி செகண்டுக்கு மேல் வித்தியாசம் வரும்போது எதிரொலியாகக் கேட்கும். வர்ணனையாளர் கல்யாண மண்டபத்து மைக்கில் பேசுவதுபோல் இருக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து கேட்கும் இடத்தில் எல்லை 125 அல்ல, 40.

காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் எடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். டிவியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு டிவி சத்தமே 30 மில்லி செகண்ட் பிந்தித்தான் போய்ச் சேரும். அவர் தலைக்கு மேலே உள்ள சீலிங் ஸ்பீக்கருக்கு வயர்லெஸ்ஸில் 20, 25 மில்லி செகண்ட் பிந்தி ஒலி வந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சேர்ந்துவிடும். சிறிய தாமதம் பின்வரிசைக்கு நல்லதே செய்கிறது. 200 மில்லி செகண்ட் தாமதத்தை எந்த இடத்திலும் இப்படிச் சரிக்கட்ட முடியாது.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கர் பக்கத்திலும் 'திரை தெரியும்', 'தெரியாது' என்று எழுதுங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது

பதித்த ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை தானாகப் பாடாது. அவற்றுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேண்டும். டிவி பக்கம் ஒலியை அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், ஆம்ப் பக்கம் அதை வாங்கும் ரிசீவர்; வயர்லெஸ்ஸாக நாம் அனுப்புவது ஆம்ப் வரைக்கும்தான். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு ஏற்கனவே சுவருக்குள் போட்ட வயர்தான் போகும். எனவே அந்த வயர்கள் எல்லாம் எங்கே வந்து முடிகின்றன என்று முதலில் கண்டுபிடியுங்கள். பொதுவாக ஹால் டிவி யூனிட்டுக்குப் பின்னாலோ, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியிலோ இருக்கும். எலக்ட்ரீஷியன் வயரை உள்ளே விட்டு மேலே பட்டி போட்டுப் பூசிவிட்ட வீடுகளும் உண்டு. கட்டும்போது எடுத்த போட்டோ இருந்தால் இப்போது உதவும்.

அடுத்து ஸ்பீக்கர் எந்த வகை என்று பாருங்கள். ஒன்றைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் போதும். '8 ஓம்' என்று மட்டும் போட்டிருந்தால் வீட்டு வகை. '100 வோல்ட்' என்று போட்டு, 3 வாட், 6 வாட், 10 வாட் என்று தனித்தனி முனைகளுடன் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அது கடைகளிலும் மண்டபங்களிலும் போடும் பப்ளிக் அட்ரஸ் வகை. இதற்கு 100 வோல்ட் லைன் ஆம்ப்தான் வேண்டும். இரண்டையும் ஒரே லைனில் கலக்கவே கூடாது. 100 வோல்ட் லைனில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது எரிந்துவிடும்.

8 ஓம் வகையாக இருந்தால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஆம்ப் முனையில் ஒவ்வொரு ஜோடி வயரையும் அளந்து பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் 6 முதல் 7 வரை காட்டும். மீட்டர் டிசி மின்தடையை அளப்பதால் 8 காட்டாது. 3 அல்லது 4 காட்டினால் யாரோ இரண்டு ஸ்பீக்கரை இணையாக இணைத்திருக்கிறார்கள். 2-க்குக் கீழே காட்டினால் நான்கை இணையாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது வயர் எங்கோ ஷார்ட். பல ஆம்ப்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. நான்கு ஸ்பீக்கரை ஒரே சேனலில் போட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு இரண்டாகத் தொடராகக் கட்டி, அந்த இரண்டு ஜோடிகளை இணையாகச் சேருங்கள். மொத்தம் திரும்ப 8 ஓம் வரும்.

வயர் தடிமன் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 15 மீட்டர் தூரத்துக்குத் தாராளம்.

சமையலறைபோல ஒரே ஸ்பீக்கர் உள்ள அறைக்கு இடது சேனல் மட்டும் போனால் ஒலியில் பாதி காணாமல் போகும். மோனோ வசதி உள்ள ஆம்பை வாங்குவது நல்லது. இடது, வலது வயர்களை முறுக்கிச் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுப்பது ஆம்பின் அவுட்புட்டைக் கெடுக்கும்.

டிவியிலிருந்து ஒலியை எடுப்பது

டிவியின் பின்புறம் மூன்றில் ஒன்றாவது இருக்கும்: ஆப்டிகல், எச்டிஎம்ஐ ஆர்க் (டிவி ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை), ஹெட்போன் துளை. என் கருத்தில் வாசல் டிவிக்கு ஆப்டிகல்தான் முதல் தேர்வு. அது ஒளியாகப் போவதால் டிவிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையில் மின்தொடர்பு இல்லை; எர்த் வித்தியாசத்தால் வரும் 'ம்ம்' என்ற ஹம் வராது. தோட்ட வீடுகளில் வெளிச் சுற்று ஒரு ஃபேஸிலும் உள்சுற்று வேறொரு ஃபேஸிலும் இருப்பது சாதாரணம். மோட்டார் ரூம் எர்த்தும் வீட்டு எர்த்தும் தனித்தனியாக இருக்கும். அங்கே இந்த ஹம் தொல்லை அதிகம்.

ஆப்டிகல் எடுத்தால் டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை 'பிசிஎம்' (அமுக்காத சாதாரண ஒலி) என்று மாற்றுங்கள். 'பிட்ஸ்ட்ரீம்', 'டால்பி' என்று இருந்தால் சாதாரண டிரான்ஸ்மிட்டருக்கு அது புரியாது. ஒலியே வராது, அல்லது கரகரவென்று இரைச்சல் வரும். "கருவி பழுது" என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் எத்தனையோ இந்த ஒரு செட்டிங்கால்தான்.

ஆப்டிகலில் ஒரு சங்கடம், பல டிவிகளில் ரிமோட்டால் அதன் சத்தம் கூடாது, குறையாது. ஆம்ப் வீட்டுக்குள் இருக்க, வாசலிலிருந்து சத்தத்தைக் குறைக்க எழுந்து போகவேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க ஹெட்போன் துளையைப் பயன்படுத்தலாம். அது டிவி ரிமோட்டுக்குக் கட்டுப்படும். டிவி சத்தத்தை முக்கால் அளவில் வைத்து ஆம்பில் தேவையான அளவை அமைத்துவிட்டால், பிறகு டிவி ரிமோட் மட்டும் போதும். ஹெட்போன் செருகியதும் டிவி ஸ்பீக்கர் அணைந்துவிட்டால், இரண்டும் ஒலிக்கும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்க் மட்டும் உள்ள டிவிக்கு, அதிலிருந்து ஆப்டிகல் பிரித்துத் தரும் எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னப் பெட்டி கிடைக்கும்.

எந்த அலையில் அனுப்புவது

சாதாரண புளூடூத் எல்லோர் கையிலும் இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் ஒலியை அமுக்கி அனுப்பும் அதன் அடிப்படை எஸ்பிசி முறையில் தாமதம் 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை போகும். திரை தெரியாத அறைக்கு இது போதும். திரை தெரியும் இடத்துக்கு 'ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி' என்ற குறைந்த தாமத புளூடூத் முறை வேண்டும். அதில் 40 மில்லி செகண்ட் அளவுதான் தாமதம். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்றில் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும், நமக்குத் தெரியாது. வெறும் 'ஆப்டெக்ஸ்' என்று அட்டையில் போட்டிருப்பது இது அல்ல.

டிவியின் உள்ளேயே உள்ள புளூடூத்தையும் முயலலாம், காசில்லாத வழி அது. டிவியில் உள்ள செயலிகளில் பார்க்கும்போது பெரும்பாலும் படத்தையும் கொஞ்சம் தாமதித்து ஒலியோடு சேர்த்துவிடும். டிடிஎச் பெட்டி வழியாக வரும் படத்துக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை. அதனால் யூடியூபில் சரியாக இருக்கிறது, சேனலில் உதடும் பேச்சும் சேரவில்லை என்ற புகார் வரும். புளூடூத்தில் புதிதாக வரும் ஆராகாஸ்ட் முறை, ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து எத்தனை ரிசீவருக்கும் அனுப்பும். இரு பக்கக் கருவிகளும் அதை ஆதரித்தால் பல அறை வீட்டுக்கு நல்ல வழி.

அடுத்தது, ஆடியோவுக்கென்றே வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் ஜோடி. இந்த வேலைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நல்ல ஜோடிகளில் தாமதம் 30 மில்லி செகண்டுக்குள் அடங்கும், ஒலியை அமுக்கியும் அனுப்புவதில்லை. ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டு மூன்று ரிசீவர் சேர்க்கும் மாடல்களும் உண்டு; போர்டிகோ ஆம்புக்கு ஒன்று, ஹால் ஆம்புக்கு ஒன்று என்று வைக்கலாம். வாங்கும்போது பெட்டியில் தாமதம் எத்தனை மில்லி செகண்ட் என்று எண்ணாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் போடாததை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

வைஃபை வழியாக அனுப்பும் மல்டிரூம் முறைகள் பாட்டுக்கு அருமையானவை. ஆனால் எல்லா அறையும் ஒன்றாக ஒலிக்க அவை ஒலியைக் கொஞ்சம் சேமித்து வைத்து விடுகின்றன. ஆப்பிளின் ஏர்பிளே 2-இல் அந்தச் சேமிப்பு 2 செகண்ட் அளவுக்குப் போகும். திரை தெரியாத அறைகளுக்கு மட்டும்தான் இதை டிவி ஒலிக்குப் பயன்படுத்தலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 900 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஸ்பீக்கர் செட் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 902 முதல் 928 வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இங்கே அந்தப் பகுதியில் மொபைல் போன்கள் இயங்குகின்றன. அதைப் போட்டால் உங்கள் ஒலியும் கெடும், பக்கத்து வீட்டுக்காரரின் சிக்னலும் கெடும். அடாப்டரும் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. வேண்டாம்.

சுவர், ஷெட், தோப்பு

அட்டையில் '30 மீட்டர்', '100 மீட்டர்' என்று போட்டிருப்பதெல்லாம் நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக்கு. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அலையை நன்றாகத் தடுக்கும். தொட்டிக்கட்டு வீடுகளின் தடித்த பழைய சுவர்கள் அதைவிட மோசம். ஆனால் நடுவில் திறந்த முற்றம் இருப்பதால் ஆசாரத்துக் (கூடத்துக்) கதவு வழியாக அலை உள்ளே வந்துவிடும். தகர ஷெட்டுக்குள் டிவி இருந்தால், திறந்த பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். தகரம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை முழுக்கத் திருப்பி அனுப்பிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். கையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரை ஆம்ப் இருக்கும் அலமாரியில் வைத்து, பாட்டை ஓடவிட்ட போனை டிவி இருக்கும் இடத்தில் வையுங்கள். கதவு, கிரில், அலமாரி எல்லாவற்றையும் மூடுங்கள். நாலைந்து பேரை நடுவில் உட்காரச் சொல்லுங்கள். மனித உடலில் உள்ள தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும், கூட்டம் கூடும் நாளில்தான் ஒலி விட்டுவிட்டு வரும். இந்தச் சோதனையில் ஓரளவுக்கு ஒலித்தாலே தனி ஜோடி நன்றாக வேலை செய்யும் என்று நம்பலாம். அறவே வரவில்லை என்றால் ரிசீவரை மட்டும் அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, வாசலைப் பார்த்த ஜன்னல் ஓரம் வைத்து, அங்கிருந்து ஆம்புக்கு ஷீல்டு உள்ள ஆர்சிஏ கேபிள் (சாதாரண ஆடியோ கேபிள்) போடுங்கள்.

ரிசீவரை மைக்ரோவேவ் அவன் பக்கத்தில் வைக்காதீர்கள், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இயங்குகிறது. வைஃபை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்கட்டும். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகப் போடும் சோலார் மின்வேலி செகண்டுக்கு ஒருமுறை மின்துடிப்பு விடும். அதற்குப் பக்கத்தில் நீளமான ஆடியோ கேபிள் போனால் சீராக 'டிக், டிக்' என்று கேட்கும். கேபிளைக் குறுக்கி, வேலியிலிருந்து விலக்குவதுதான் தீர்வு.

இணைக்கும் வரிசை

எல்லாவற்றையும் ஹாலில் ஒரே மேசையில் வைத்து முதலில் இணைத்துப் பாருங்கள். டிவி அவுட்டிலிருந்து டிரான்ஸ்மிட்டர், ரிசீவரிலிருந்து ஆம்பின் 'ஆக்ஸ்' இன்புட், ஆம்பிலிருந்து ஒரே ஒரு ஸ்பீக்கர். ஆம்ப் வால்யூம் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறட்டும். அது பாடிய பிறகுதான் டிரான்ஸ்மிட்டரை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சேருங்கள்; எது சேரும்போது சிக்கல் வருகிறதோ அங்கேதான் கோளாறு.

டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே எடுங்கள். பல டிவிகளில் டிவி அணையும்போது அதுவும் அணையும், போடும்போது தானாக இணைந்துகொள்ளும். தனி ஸ்விட்ச் வேண்டாம்.

கடைசியாகத் தாமதம் பாருங்கள். செய்தி வாசிப்பவரின் உதட்டை ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். டிவி மெனுவில் 'ஆடியோ டிலே' என்று ஒன்று இருக்கும். அது ஒலியை இன்னும் பிந்த வைக்குமே தவிர முந்த வைக்காது. அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். பூஜ்யத்திலும் உதடு சேரவில்லை என்றால் டிரான்ஸ்மிட்டர் வகையைத்தான் மாற்ற வேண்டும். எதிரொலி மட்டும்தான் பிரச்சினை என்றால் டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

மழை, இடி, கரண்ட்

வெளியே உள்ள டிரான்ஸ்மிட்டரை இரும்புப் பெட்டியில் அடைக்காதீர்கள், அலை வெளியே வராது. தூசியும் மழைத்தண்ணீரும் புகாத ஐபி 65 பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். கேபிளை அடிப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நுழைதுளையில் கேபிளை இறுக்கிப் பிடித்து இடைவெளியை அடைக்கும் கிளாண்டு போடுங்கள். எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும். மேற்கு வெயில் நேராகப் படும் சுவரில் பெட்டியை மாட்ட வேண்டாம்.

ஐபிஎல் நடக்கும் சித்திரை, வைகாசியில்தான் இங்கே கோடை இடியும் வருகிறது. மின்னல் நெருங்கும் முன்பே டிவி பிளக்கோடு டிடிஎச் கேபிளையும் கழற்றுங்கள். டிஷ் வழியாக வரும் மின்னழுத்தமும் டிவியைக் கொல்லும். வயர்லெஸ் போட்டதில் இங்கே ஒரு லாபம் உண்டு: வாசலுக்கும் ஆம்புக்கும் இடையில் கம்பி இல்லாததால் டிவியில் இறங்கிய மின்னல் ஆடியோ வழியாக வீட்டுக்குள் வராது. மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும் தோட்டங்களில் ஆம்புக்கு ஸ்டெபிலைசர் வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் டிவி, ஆம்ப், ரிசீவர் மூன்றையும் அதே லைனில் சேர்க்க வேண்டும். ரிசீவர் மட்டும் விட்டுப்போனால் கரண்ட் போனதும் படம் ஓடும், ஒலி இருக்காது.

டிவி இருக்கும் களத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தென்னந்தோப்பு இருந்து தூரம் 50 மீட்டரைத் தாண்டினால் சிறிய ஜோடிகள் மழைக்காலத்தில் திணறும், ஈரமான ஓலை அலையை விழுங்கிவிடும். அங்கே சிசிடிவிக்காகப் போடும் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற வைஃபை பிரிட்ஜ் (இரண்டு இடங்களை வைஃபையால் இணைக்கும் கருவி) ஜோடியை இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஓலைக்குக் கீழே தண்டுகளுக்கு நடுவே வழி பார்த்து மாட்டி, அதன் மேல் நெட்வொர்க் வழியாக ஒலியை அனுப்புங்கள். தாமதம் கூடும் என்பதால் அந்த லைனைத் திரை தெரியாத அறைகளுக்கு மட்டும் கொடுங்கள்.